ஊர் சுற்றாத ஒரு நாள்

மகளுக்கு சிங்கப்பூரில் குடித்தனம். பேரக் குழந்தை பிறந்திருக்கிறது. "இரண்டு மூன்று மாதம் வந்து இருந்துவிட்டுப் போ, அம்மா!" என்று அழைப்பு வருகிறது. வாலாஜாபாத்தில் ஆகட்டும், மாம்பலத்தில் ஆகட்டும், இப்படி அழைப்பு வரும் வீடுகள் இன்று எத்தனையோ. நீங்களும் வடாம், ஊறுகாய், பிரசவ லேகியம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்ச் சேருகிறீர்கள். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை ஊரையே காட்டிவிடுகிறார். வாயால் நீரைக் கொட்டும் சிங்கச் சிலை, பறவைப் பூங்கா, செந்தோசாக் கடற்கரை. எல்லாம் ஆயிற்று. அப்புறம்?

அப்புறம்தான் சங்கடம், சகோதரிகளே! பதினோராம் மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஊருக்குத் திரும்ப இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கிற தாய்மார்களை நான் அறிவேன். குறை ஊரிலும் இல்லை, பெண்ணிடத்திலும் இல்லை. வாலாஜாபாத்தில் இருந்தால் காலையில் ஒரு தரம் கடைத்தெரு, மாலையில் ஒரு தரம் தையற்காரர் வீடு, நடுவே தபாலாபீஸ் என்று போய் வந்துகொண்டே இருப்பீர்கள். அந்தப் போக்குவரத்தில்தான் ஊர் நம்முடையதாகிறது. அங்கேயோ உங்கள் பொறுப்பில் ஒரு காரியமும் இல்லை. ஆகவே, பார்க்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லாத ஒரு புதன்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துணைக்கு யாரும் வேண்டாம்.

காலையில் துணி உலர்த்துவதில் தொடங்கலாம். சிங்கப்பூர்க்காரர்களில் பெரும்பாலோர் அரசாங்க வீட்டு வசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அது 1960ல் ஏற்பட்ட கழகம். பழைய அடுக்குமாடிகளில் மூங்கில் கழியில் துணியைக் கோத்து, ஜன்னலுக்கு வெளியே குழாய்க்குள் செருகிவிடுவது வழக்கம். ஈரப் புடவையோடு கழி கனக்கும். முதல் நாள் இரண்டு சட்டையோடு பழகிக்கொள்வது உத்தமம். ஜன்னலிலிருந்து எதையாவது கீழே போட்டால் மட்டும் சட்டம் சும்மா விடாது.

மின்தூக்கியில் (லிப்டுக்கு அங்கே தமிழில் அதுதான் பெயர்) எதிர்ப்படும் தமிழ் அம்மாள், "பசியாறியாச்சா?" என்று விசாரிப்பாள். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அர்த்தம். நாம் 'டிபன்' என்று சொல்லிக்கொண்டிருக்க, கடல் கடந்து போனவர்களிடம் இந்த அழகான சொல் வாழ்கிறது! இன்னொன்று: டாலரை அவர்கள் 'வெள்ளி' என்பார்கள். பட்டு நெய்கிற சீமையிலிருந்து போகிறவர்களுக்கு வெள்ளி என்றால் ஜரிகைதான் நினைவுக்கு வரும். கீரைக்கட்டு ஒரு வெள்ளி என்றதும் திகைத்து நிற்க வேண்டாம். அந்த நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். 'சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்தில் பொறித்திருக்கும். அங்கே ஆட்சி மொழிகள் நான்கில் நம்முடையதும் ஒன்று.

பஸ்ஸில் ஏறும்போது அட்டையைக் காட்டுவதுபோல இறங்கும்போதும் காட்ட வேண்டும். மறந்தால், பஸ் போகிற கடைசி இடம் வரைக்கும் நீங்கள் போனதாகக் கணக்கு!

தேக்காவில் இறங்குங்கள். சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கும் சந்தை அது. மூங்கில் அடி என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர். பக்கத்துக் கால்வாய்க் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்ததாம். இப்போதுள்ள கட்டடம் 1982ல் திறந்தது. கீழே மீன், காய்கறி, கண்ணெதிரே துருவித் தரும் தேங்காய். மாடியில் புடவைக் கடைகள். பக்கத்துத் தெருவின் பெயரே எருமைத் தெரு. முன்பு அந்த வட்டாரம் மாட்டுக் கொட்டில்களுக்குப் பேர் போனது. அருகிலுள்ள பிரசவ ஆஸ்பத்திரிக்கும் மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்றுதான் பெயர். சிரிக்காதீர்கள்! 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல்! உங்கள் பேரன் பிறந்ததும் அதே ஆஸ்பத்திரியாக இருக்கலாம்.

வாழையிலை, மல்லிகைச் சரம், வெற்றிலை எல்லாம் வாங்கிக்கொண்டு உணவங்காடியில் ஒரு தோசை சாப்பிடுங்கள். 2020ல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்ததாக்கும் இந்த அங்காடிப் பழக்கம்! சாப்பிட்ட தட்டை மட்டும் நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021லிருந்து அது கட்டாயம். மாமியார் வீட்டில் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

மத்தியானம் மழை வந்தாலும் வரும். அதுதான் சோம்பலுக்கு வேளை. ஏதேனும் ஒரு பொது நூலகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை. தமிழ்ப் பத்திரிகை, தமிழ்ப் புத்தகம், குளுகுளுவென்ற அறை. 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. அதில் மரண அறிவிப்பையும் கல்யாண அறிவிப்பையும் படித்தாலே அந்த ஊர்த் தமிழர் குடும்பங்கள் பாதி பழக்கமாகிவிடும். ஊருக்குப் போன் பேசுவதென்றால் அங்கே மணி நான்கு ஆகும்போது இங்கே ஒன்றரைதான். அக்காவின் பகல் தூக்கத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "அம்மா தனியாகப் போய்த் தொலைந்துவிட்டால்?" என்று பயப்படாதே, குழந்தாய். நாலு பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு காஞ்சிபுரத்துக் கருட சேவைக் கூட்டத்தில் புகுந்து வெளியே வந்தவள் அவள். அவளிடம் பஸ் அட்டையும், நாலு வெள்ளிச் சில்லறையும், தேங்காய் வாங்கும் பொறுப்பும் கொடு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் செய்யாதே.

தாய்மாரே, இரண்டு ஜாக்கிரதை மட்டும். மருந்தை ஊரிலிருந்தே, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். நம் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி அங்கே கடையில் வாங்கிவிடலாம் என்று நம்ப வேண்டாம். அடுத்தது விலாசம். அடுக்குமாடிகள் எல்லாம் அக்கா தங்கைகள் போல ஒரே சாயலில் நிற்கும். நம் ஊரில் ஆறு இலக்கத் தபால் எண் ஓர் ஊருக்கே பொது; அங்கேயோ ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி எண். கட்டட எண், மாடி, வீட்டு எண், அந்த ஆறு இலக்கம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் காய்கறிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், நனைந்துவிடும். சுருக்குப் பையில் முடிந்துகொள்ளுங்கள்.