புள்ளி சொல்வதெல்லாம் மெய்யா?

ஆனி பிறந்து, மேற்கு மலையிலே முகில் கவிந்து, சாரல் விழத் தொடங்கினால் போதும். குற்றாலத்துக்குக் கூட்டம் கிளம்பிவிடும். மதுரைப் பக்கமிருந்து வருவோர் ஒருபுறம், நெல்லையிலிருந்து வருவோர் மறுபுறம், செங்கோட்டைக் கணவாய் வழியே கேரளத்திலிருந்து வருவோர் இன்னொருபுறம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் மனிதத் தலைகள். வரட்டும், குளிக்கட்டும், மகிழட்டும்! இயற்கை தந்த கொடையை வேண்டாமென்பார் யார்? ஆனால் அந்த வண்டிகளின் நடுவே, பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைத் தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஏற்றிவரும் வண்டியும் நிற்கிறதே! பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயியின் வண்டியும் நிற்கிறதே! அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

'சாலையை அகலமாக்கு' என்பார் ஒருவர். 'புறவழிச் சாலை போடு' என்பார் மற்றொருவர். நல்ல யோசனைகள்தாம். எந்த இடத்தில் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு மூலையைக் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் பட்டதை வைத்துக்கொண்டு மக்கள் பணத்தைக் கொட்டலாமா?

சாட்சி இல்லாமலில்லை. 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பயணிகள் பஸ், டாக்சி போன்ற வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பை வாங்கி, 'இன்ன நொடியில் இன்ன இடத்தில் இருந்தேன்' என்று அந்தக் கருவி புள்ளி புள்ளியாகச் சொல்லிக்கொண்டே போகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் வண்டி எங்கே ஓடியது, எங்கே ஊர்ந்தது, எங்கே நின்றது என்பது வெளிப்பட்டுவிடும்.

ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பெழுதும் நீதிபதி உண்டா?

புளியரை எஸ் வளைவை எண்ணிப் பாருங்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே மலையேறும்போது, மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று தன்னையே மடித்துக்கொள்கிறது. வெட்டவெளியில் கருவியின் பிழை சில மீட்டர்தான். மலைச்சரிவும் மரக்கூட்டமும் சூழ்ந்த இடத்திலோ, பாறையில் பட்டுத் திரும்பும் வானொலி அலையால் அது பல மீட்டர் நழுவிவிடும். மேல் கையில் இருபது நிமிடம் திணறிய லாரி, கீழ்க் கையில் நின்றதாகக் கணக்கு வரும். அருகிலுள்ள சாலை எதுவோ அதிலே புள்ளியை ஒட்டு என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டால் நேரும் கதி இது. அந்தக் கணக்கை நம்பினால் மேலே நெரிசல் இருக்க, கீழே சாலையை அகலமாக்குவோம்!

இதற்கு வழி கண்டவர்கள் உளர். மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தின் நியூசன், கிரம் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட முறை இன்றும் பெரிதும் பின்பற்றப்படுகிறது. தனிப் புள்ளியை நம்பாதே, வரிசையைப் பார் என்பதே அதன் உயிர். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்திலுள்ள சாலைகள் அனைத்தையும் ஐயத்துக்குரியவையாக வைத்துக்கொள்கிறது. புள்ளிக்கும் சாலைக்கும் தூரம் என்ன? இந்தப் புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அந்தச் சாலை வழியே போனால் கணக்கு ஒத்து வருகிறதா? மேல் கையிலிருந்த லாரி கண்மூடித் திறப்பதற்குள் கீழ்க் கைக்குக் குதிக்குமா? குதிக்காதன்றோ! மொத்தப் பயணத்துக்கும் பொருந்தும் பாதையே ஏற்கப்படுகிறது. அதைத் தேடும் கணக்கு முறையோ, இரைச்சல் கலந்த செய்தியிலிருந்து மெய்யான செய்தியைப் பிரிக்க வித்தர்பி 1967இல் வகுத்தது. தந்திச் செய்திக்காரன் வித்தை சாலைக்கு உதவுகிறது, பாருங்கள்!

சியாட்டில் நகரில் அவர்கள் சோதித்தபோது, முப்பது நொடிக்கு ஒரு புள்ளி கிடைத்தாலும் முறை தளரவில்லை. ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் முப்பது நொடியில் முந்நூறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதற்குள் இரண்டு திருப்பம் வந்துவிடும் நம் ஊரில். ஆகவே புள்ளிகள் நெருக்கமாக வேண்டும்.

வரைபடமும் சரியாக இருக்க வேண்டும். நெரிசல் நாளில் ஒருவழிப் பாதை என்று அறிவிக்கிறோம். வரைபடத்துக்கு அது தெரியாவிட்டால், ஒழுங்காகப் போன பஸ்ஸின் பாதையைத் தப்பு என்று தள்ளிவிடும். 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து இந்தியாவையே முக்கோணங்களாக அளந்து முடித்த நிலம் இது. வரைபடக் கட்டுப்பாடுகளையும் மத்திய அரசு 2021இல் தளர்த்திவிட்டது. சாக்குச் சொல்ல இடமேது?

இன்னொரு பொடி வைத்த கேள்வி. ஐந்தருவியில் ஒரு டாக்சி மூன்று மணி நேரம் நிற்கிறது. நெரிசலா, குளியலா? நிற்கும் வண்டியின் புள்ளியும் சும்மா இராமல் இங்குமங்கும் துள்ளும். இதைப் பிரித்தறியாமல் சராசரி வேகம் கணக்கிட்டால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பவரெல்லாம் நெரிசலில் சிக்கியவராகிவிடுவர்! கருவி இல்லாத மோட்டார் சைக்கிள்களும் நடந்து போவோரும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களை ஆள் வைத்துத்தான் எண்ண வேண்டும்.

இது பட்டணத்துக்கு மட்டும் உரிய வித்தையுமன்று. சைதாப்பேட்டை–கேளம்பாக்கம் 19பி பஸ்களின் புள்ளிகளைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பயண நேரத்தை முன்கூட்டிக் கணிக்க முயன்றிருக்கிறார்கள். 19பிக்கு இயன்றது, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸுக்கு இயலாதா?

2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அன்று எழுந்த கேள்வி இன்னும் நெஞ்சை அறுக்கிறது: எச்சரிக்கை ஒலித்தால், அங்கு நிற்கும் வண்டிகள் வெளியேற எத்தனை நிமிடம் ஆகும்? மேலே ஆம்புலன்ஸ் ஏற எத்தனை நிமிடம்? சீசன் நாட்களின் புள்ளிகளைச் சாலையோடு பொருத்தினால் விடை கிடைக்கும்.

வண்டி எண்ணையும் ஓட்டுநர் பெயரையும் நீக்கிவிட்டே இந்தக் கணக்கை எடுக்க வேண்டும்; யார் யார் வீட்டுக்குப் போனார் என்று துருவுவது போக்குவரத்து ஆய்வு ஆகாது. ஆனி, ஆடி மாதங்களோடு, கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்களையும் சேர்த்து, புளியரை வளைவுக்கும் பழைய குற்றாலச் சாலைக்கும் மட்டுமாவது முதலில் கணக்கெடுக்கட்டும். மணிவாரியான வேகத்தைத் தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பலகையில் மக்கள் பார்க்க ஒட்டட்டும். சாலை எங்கே அகலவேண்டும் என்ற வாதத்தை அதன் பிறகு வைத்துக்கொள்வோம்.