அரிக்கமேட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள்

சிங்கப்பெருமாள் கோவிலின் குடைவரையில் நரசிம்மரைச் சேவித்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்று, திண்டிவனத்தில் பிரியும் வழியே புதுச்சேரியை அடைந்து, அதற்கப்பால் அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குச் செல்வோர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோமானியரின் பண்டங்கள் வந்திறங்கிய அரிக்கமேட்டைக் காணலாம். 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுஜாடியின் துண்டு ஒன்றைக் கண்டு வியந்த தொல்லியலறிஞர் மார்ட்டிமர் வீலர், மறு ஆண்டே அவ்விடத்தை அகழ்ந்தபோது, இத்தாலியச் சிவப்பு மட்பாண்டங்களோடு கண்ணாடிக் கிண்ணங்களின் உடைந்த துண்டுகளும் வெளிப்பட்டன. மட்பாண்டங்கள் பெற்ற புகழை இத்துண்டுகள் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. அவற்றின் செய்முறையே தனியாக ஆராயத்தக்க அருமையுடையது.

மணலையும், எகிப்திய ஏரிகளில் விளையும் நாட்ரான் என்னும் உவர்க்காரத்தையும் சேர்த்து உருக்கிய கண்ணாடியை வட்டத் தகடாக்கி, அது இளகியிருக்கும்போதே மேற்புறத்தில் விலா எலும்புகள் போன்ற புடைப்புக்களை எழுப்பி, பின்னர் கவிழ்ந்த அச்சின்மேல் வளைந்து படியச் செய்து, உட்புறத்தைச் சக்கரத்தில் தேய்த்து மெருகிட்டனர். குழாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் வித்தை, கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கரைகளில் தோன்றிப் பரவியபின், கிண்ணங்கள் மலிந்தன. ரோமாபுரியில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை கிடைத்ததென்று ஸ்டிராபோ என்னும் புவியியலாசிரியர் எழுதியிருக்கிறார்.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துவதைப் பாடுகிறார். அரசனைப் பாடுவோர் பொன்னைப் பாடுவது இயல்பே. ஆயினும் பொற்கலம் உருகி வேறு உருவம் பெற்றுவிட, கண்ணாடியோ உடைந்தும் தன் பிறப்பிடத்தை அறிவித்து நிற்கிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. யவனர் கண்ணாடியைக் கொணர்ந்த அதே அரிக்கமேட்டில், நம் தொழிலாளர் கண்ணாடியை உருக்கி நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கிச் சிறு மணிகளாக்கினர். அவ்வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா வரை சென்றன. மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்குகளுள் உருவம் பெறாத கச்சாக் கண்ணாடியும் இருந்ததெனப் பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வணிக நூல் கூறுவதால், தமிழகம் யவனரின் கிண்ணங்களை வாங்கிப் பயன்படுத்தியதோடு நில்லாமல், கண்ணாடியை மூலப்பொருளாகவும் நாடிற்று எனக் கொள்வதே பொருத்தமாகும்.