தொலைவிலிருந்து உதவி கேட்கும்போது இரண்டாவது திரையை மறக்காதீர்கள்

போன தவணையில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

மடிக்கணினியோடு ஒரு பெரிய திரையையும் இணைத்து வேலை செய்வது என் வழக்கம். ஒரு திரையில் பாடம், மற்றதில் மதிப்பெண் பட்டியலும் மின்னஞ்சலும். ஒரு நாள் அச்சுப்பொறி மக்கர் செய்தது. தொழில்நுட்ப உதவியாளரை அழைத்தேன். அவர் தம் இடத்திலிருந்தபடியே என் கணினிக்குள் வந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். கடைசியில், "டீச்சர், வலது பக்கத் திரையில ஒரு கடிதம் திறந்திருக்கு, மூடிடுங்க" என்றார். ஒரு தாயார் தம் குடும்பச் சூழலைப் பற்றி எனக்கு மட்டும் எழுதிய கடிதம் அது. நான் காட்டியது ஒரு திரையை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பார்த்தது இரண்டையும்.

என் பழைய மாணவர் ஒருவர் துவாஸில் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்கிறார். அங்கே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே நேரமாகும் என்பதால் பெரும்பாலும் தொலைவிலிருந்துதான் உதவுவாராம். அவரிடம் இதைச் சொன்னேன். "எங்க முதல் கேள்வியே 'எத்தனை ஸ்கிரீன் வச்சிருக்கீங்க?'ங்கறதுதான் டீச்சர்" என்றார். அவர் சொன்னதையும் நானே செய்துபார்த்ததையும் இங்கே தருகிறேன்.

இரண்டு திரை, ஒரே மேசை

திரைகளை இரண்டு விதமாக இணைக்கலாம். ஒன்றில் தெரிவதே மற்றதிலும் தெரிந்தால் அது டூப்ளிகேட். இரண்டும் சேர்ந்து ஒரே அகன்ற மேசையானால் அது எக்ஸ்டெண்ட். சிக்கல் இரண்டாவது வகையில்தான். உதவிக்கு வருபவருக்கு அந்த மேசை முழுவதும் திறந்திருக்கிறது. நம் கண் ஒரு பக்கத்தில் இருக்கும்போது அவர் மறு பக்கத்தைப் பார்க்க முடியும்.

உதவி கேட்பவர் செய்ய வேண்டியவை

1. தொடர்பு கொடுப்பதற்கு முன்பே மதிப்பெண் பட்டியல், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மூடுங்கள். சிறிதாக்கி வைத்தால் போதாது.

2. பிறகு விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி, 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேசை ஒரே திரைக்குள் வந்துவிடும். இந்த வரிசை முக்கியம். மூடாமல் இதைச் செய்தால், இரண்டாவது திரையில் இருந்த கடிதம் முதல் திரைக்கே வந்து நிற்கும்!

3. கோளாறே இரண்டாவது திரையில்தான் என்றால் அதைத் துண்டிக்காதீர்கள். "எனக்கு இரண்டு திரை, கோளாறு வலப்பக்கத்தில்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. வேலை முடியும்வரை எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் தொடர்பை நீங்களே துண்டியுங்கள்.

உதவி செய்பவர் கவனிக்க வேண்டியவை

சக ஆசிரியருக்கோ மாணவருக்கோ நாமே உதவும் நேரமும் உண்டு. விண்டோஸில் உள்ள 'குவிக் அசிஸ்ட்' செயலியில், உதவுபவரின் கருவிப்பட்டையில் திரையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கிறது. டீம்வியூவரில் 'வியூ' பகுதியில் ஒரு திரையை மட்டும் பார்க்கலாம், எல்லாவற்றையும் சேர்த்தும் பார்க்கலாம். எனிடெஸ்கில் மேலே திரைகளின் சிறு படங்கள் தெரியும்; வேண்டியதைச் சொடுக்கினால் போதும்.

எப்போதும் ஒரு திரையை மட்டும் எடுங்கள். இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 1920 புள்ளி அகலமுள்ள இரண்டு திரைகள் சேர்ந்தால் 3840 புள்ளி. அதை உங்கள் 1920 புள்ளித் திரைக்குள் அடக்கினால் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். தமிழ் எழுத்தில் புள்ளி எங்கே, சுழி எங்கே என்றே தெரியாது.

'ரிமோட் டெஸ்க்டாப்' என்பது வேறு வகை. அதில் 'எல்லாத் திரைகளையும் பயன்படுத்து' என்று குறியிட்டால், உங்கள் எதிரே உள்ள திரைகளில் தொலைக்கணினி விரியும். அந்தக் கணினியின் சொந்தத் திரை பூட்டிக்கொள்ளும். அதனால் இருவரும் சேர்ந்து பார்த்துச் சரிசெய்ய இது உதவாது. உங்கள் சொந்தக் கணினியை வேறிடத்திலிருந்து நீங்களே பயன்படுத்த ஏற்றது.

காணாமல் போன சாளரம்

"செயலியைத் திறந்தேன், ஆனா ஒண்ணும் வரலையே!" இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெரிய திரையைக் கழற்றிய பிறகும் சில செயலிகள் பழைய இடத்தையே நினைவில் வைத்திருக்கும். இல்லாத திரையில் போய்த் திறந்துகொள்ளும். கீழ்ப்பட்டையில் அந்தச் செயலியைச் சொடுக்கிவிட்டு, விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு இட அம்புக்குறியை அழுத்துங்கள். வரவில்லையென்றால் ஆல்ட், இடைவெளி விசைகளை அழுத்தி, பிறகு 'எம்' தட்டி, அம்புக்குறி ஒன்றை ஒருமுறை அழுத்தி, சுட்டியை அசையுங்கள். சாளரம் கையோடு வந்துவிடும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

தொலைவிலிருந்து ஒரு கருவியைக் கையாளும் அதிகாரம் சாதாரணமானதில்லை. 2024 ஆகஸ்ட் மாதம் மொபைல் கார்டியன் என்ற கருவி மேலாண்மைச் செயலியில் ஊடுருவல் நடந்தது. இங்கே 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளிலிருந்த தகவல்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. பிறகு கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. உங்கள் கட்டுரைகளுக்கும் வாய்மொழித் தேர்வுக் குறிப்புகளுக்கும் இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. நீங்கள் கேட்காமலே "உங்கள் கணினியில் கோளாறு, இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே தொலைபேசியை வையுங்கள். மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே வகைச் செயலிகளைத்தான். சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள். அம்மா அப்பாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூடத்தை ஒழுங்குபடுத்துகிறோம். உள்ளறைக் கதவைச் சாத்துகிறோம். உதவிக்கு வருபவரை நாம் சந்தேகப்படவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதிய தாயார் என்னைத்தான் நம்பினார். அடுத்த முறை உதவி கேட்கும் முன் ஒரு நிமிடம் வலப்பக்கமும் திரும்பிப் பாருங்கள்.