மனமருத்துவர் கேட்கும் முதல் வினா

திருத்தணி மலைக்கு 365 படிகள்; ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பர். 1974-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் அப்படிகளின் வழியே என் தமக்கையை நானும் தந்தையாரும் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். அவள் கைகளைத் துண்டினால் பிணைத்தவன் நான். பிள்ளை பெற்ற இரண்டாம் வாரத்தில் உறக்கம் ஒழிந்து, தொட்டிலில் கிடப்பது தன் மகவே அன்று என்று சொல்லத் தொடங்கியவள், பின்னர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான்கு திங்கள் காத்திருந்தோம். முருகனை நம்பியதில் பிழையில்லை. மருத்துவரை நாடாது காத்திருந்ததே பிழை. மகப்பேற்றுக்குப் பின் சிலருக்கு இந்நோய் வருவதுண்டு என்பதும், விரைந்து மருத்துவம் செய்தால் பெரும்பாலோர் நலம் பெறுவர் என்பதும் அன்று நாங்கள் அறியாதவை.

பின்னர் நாங்கள் சென்ற மருத்துவர் கேட்ட வினாக்களுக்கெல்லாம் தந்தையாரே தமிழில் விடை கூறிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்த மருத்துவர், "இந்த அம்மா வீட்டில் எந்த மொழியில் பேசுவார்?" என்றார். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கடைத்தெருவில் தமிழும் அடுக்களையில் தெலுங்குமாக வாழும் இல்லங்கள் இங்கே பல. எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. தெலுங்கறிந்த செவிலியர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, எங்களை வெளியே இருக்கச் சொன்னார். அன்று அவள் பேசினாள்.

"பிள்ளை உன்னுடையதுதான்" என்று நாங்கள் நூறு முறை வாதிட்டுத் தோற்றிருந்தோம். மருத்துவர் மறுக்கவுமில்லை, ஆமென்று ஒப்பவுமில்லை. அவ்வெண்ணம் எப்போது தோன்றிற்று, தோன்றுகையில் அச்சம் உண்டாகிறதா, இரவில் எத்துணை நேரம் உறங்குகிறாய் என்றே கேட்டாராம். தமக்கையே பிற்காலத்தில் கூறினாள். பேச்சு மட்டும் அந்நோயைத் தீர்த்திராது, மருந்தும் வேண்டியிருந்தது. ஆனால் தன் சொல்லைக் கேட்டவர் கொடுத்த மருந்தையே அவள் விழுங்கினாள். உடல்நூல் கற்று எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றபின் உளநோய்களில் மேற்பயிற்சி பெற்றவரே மனமருத்துவர். உளவியல் வல்லுநர் வேறு. அவர் மருந்து எழுதுவதில்லை, முறைப்படி பயின்ற உரையாடலாலேயே மருத்துவம் செய்கிறார்.

இப்பரிவு நம் நாட்டில் சிலர் பாடுபட்டு வளர்த்தது. இந்தியாவின் முதற் பெண் மனமருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1923-இல் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1961-இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். கீழ்ப்பாக்கம் என்றாலே ஏளனமும் அச்சமும் எழுந்த காலம் அது. (அவ்வூர்ப் பெயரை வசைச் சொல்லாக வழங்கும் கீழ்மை இன்னும் நம்மிடையே ஒழியவில்லை.) வந்து மருந்து பெற்று அன்றே இல்லம் திரும்பும் புறநோயாளர் மருத்துவத்தை அவர் வளர்த்தார். ஓய்வுக்குப் பின், 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பை நிறுவி, நோய் தணிந்தவர்க்குத் தொழிலும் மதிப்பும் கிடைக்க உழைத்தார். 2021-இல் மறைந்தார். எங்களூருக்கு அணித்தான வேலூரிலோ, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியோடு உறவினரும் உடன் தங்கும் முறை 1950களிலேயே தோன்றிற்று. உறவினரும் நோயைப் பற்றிக் கற்றாலன்றி, வீடு திரும்பியவர் மீண்டும் வாடுவர் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் எழுந்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். செய்தித்தாளில் அதனைப் படித்தபோது என் துண்டு நினைவுக்கு வந்தது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

தமக்கை ஓராண்டில் தேறினாள். "அந்தத் துண்டை இறுக்கித்தான் கட்டினாய்" என்று என்னிடம் ஒருமுறை மட்டும் சொன்னாள்; நான் விடை கூறவில்லை. நாங்கள் இழந்த நான்கு திங்களை வேறெவரும் இழக்கவேண்டியதில்லை: 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.