காகங்கள் சொன்ன சாட்சியம்

துப்பறியும் நாவல்களைப் படிப்பது வீண்பொழுது போக்குவதாகும் என்று கருதும் பெரியோர் நம்மில் பலர் உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்ல. நியாயஸ்தலங்களில் சில வருஷங்கள் உழன்ற பழக்கத்தினாலோ என்னவோ, ஒரு சிறு தடயத்தைப் பற்றிக்கொண்டு பெரிய உண்மையை வெளிக்கொணரும் கதைகளில் நமக்கு எப்போதும் ஒரு ருசி உண்டு. ஆயினும் அக்கதைகளில் துப்பறிபவர் பெரும்பாலும் போலீஸ் உத்தியோகஸ்தராகவோ, வக்கீலாகவோ, வேறு வேலையற்ற கனவானாகவோ இருப்பார். ஒரு மகாநகரத்தில் நாய்க்கும் குதிரைக்கும் பறவைக்கும் வைத்தியம் பார்க்கும் ஒருவர் கதாநாயகராக வருவது அபூர்வம். அப்படி ஒரு நாவல் வெளிவருமானால், "மாட்டு வைத்தியர் கொலையைக் கண்டுபிடிப்பதாவது!" என்று நகைப்பவர்களே மிகுதியாக இருப்பர்.

அங்ஙனம் நகைப்பவர்களுக்கு, 1999-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்தில் நடந்த ஓர் உண்மை வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். அவ்வரலாற்றில் கொலையாளி மனிதனல்லன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. துப்பறிந்தவர் ஒரு மிருக வைத்திய அம்மையார். சாட்சி சொன்னவை செத்த காகங்கள். அச்சாட்சியம் பல வாரங்கள் கூண்டிலேற்றப்படாமற் கிடந்தது என்பதே இதில் நாம் ஆராயவேண்டிய விஷயம்.

1999-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ஆம் தேதி, நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங் ஆஸ்பத்திரியின் வைத்தியர் டாக்டர் டெபோரா ஆஸ்னிஸ் என்பவர் நகரச் சுகாதார இலாகாவுக்குத் தகவல் அனுப்பினார். வயது முதிர்ந்த இரு நோயாளிகள் மூளைக் காய்ச்சல் கண்டு வந்திருப்பதாகவும், அவர்களுக்குத் தசைகள் அசாதாரணமாகத் தளர்ந்திருப்பதாகவும், வழக்கமான நோய் எதுவும் இதற்குப் பொருந்தவில்லையென்றும் அவர் தெரிவித்தார். இலாகாவின் அதிகாரிகள் தாமதியாமல் விசாரித்தார்கள். அதே வட்டாரத்தில் இன்னும் பலர் அதே நோயால் வருந்துவது தெரியவந்தது. நோயுற்றவர்களுக்குள் உறவோ பழக்கமோ கிடையாது. மாலை வேளைகளில் வீட்டுக்கு வெளியே காற்று வாங்கும் வழக்கம் மட்டுமே அவர்களுக்குப் பொதுவாக இருந்தது. அவ்வீடுகளின் தோட்டங்களில் தேங்கிய நீரில் கொசுப் புழுக்கள் காணப்பட்டன. ஆகவே கொசுவே நோயைப் பரப்புகிறது என்று அவர்கள் கொண்ட யூகம் சரியானதே.

இனிக் கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்கவேண்டும். நோயாளிகளின் இரத்தமும் முதுகுத்தண்டு நீரும் மத்திய சர்க்காரைச் சேர்ந்த நோய்த் தடுப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. உலகத்திலேயே இவ்விஷயத்தில் கடைசித் தீர்ப்புக் கூறும் ஹைகோர்ட்டு என்று அந்நிலையத்தைச் சொல்லலாம். செப்டம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இது 'செயின்ட் லூயி மூளைக் காய்ச்சல்' என்றார்கள். 1933-ல் செயின்ட் லூயி நகரத்தில் பரவியபோது இனங்காணப்பட்ட அந்நோய் அமெரிக்காவில் அறிமுகமானது. ஆனால் நியூயார்க் நகரத்தில் அதற்கு முன் கண்டதில்லை. அன்றே கொசு மருந்து தெளிக்க ஆரம்பித்தார்கள். ஆகாயத்திலிருந்தும் தெருவிலிருந்தும் மருந்து பொழிந்தது. ஜனங்களுக்கு ஓரளவு தைரியம் பிறந்தது. பத்திரிகைகளும் வழக்கு முடிந்துவிட்டதாகவே எழுதின.

ஆனால் வழக்கு முடியவில்லை. மனிதர்கள் நோய்ப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே வேறொரு கூட்டத்தார் மாண்டுகொண்டிருந்தனர். ஜூன் மாதக் கடைசியிலேயே குவீன்ஸில் ஒரு மிருக வைத்திய சாலைக்கு நரம்பு நோய்க்குறிகளோடு பறவைகள் கொண்டுவரப்பட்டன. தெருவோரங்களிலும் தோட்டங்களிலும் காகங்கள் தள்ளாடி விழுந்து செத்தன. கோடைகாலம் முழுவதும் செத்த காகங்கள் மாகாண வனவிலங்கு இலாகாவின் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தன. செத்த காகத்தை ஆராய்வது ஒரு இலாகாவின் வேலை; மனிதனுக்கு வந்த காய்ச்சலை ஆராய்வது வேறொரு இலாகாவின் வேலை. ஒன்றின் கட்டு மற்றொன்றின் மேஜைக்குப் போவதில்லை. இந்த ஏற்பாடு எந்த நாட்டுச் சர்க்காருக்கும் புதியதன்று என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள்.

நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் பெயர்பெற்ற ஒரு மிருகக்காட்சிசாலை உண்டு. அங்கே நோய்க்கூறு ஆராயும் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் டிரேசி மக்நமாரா என்னும் மிருக வைத்திய அம்மையார். காட்சிசாலையின் எல்லைக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் காகங்கள் செத்துக்கிடப்பதை அவர் கவனித்து அறுத்துப் பரிசோதித்து வந்தார். செப்டம்பர் மாதத்து முதல் வாரங்களில் காட்சிசாலையின் சொந்தப் பறவைகளே மடியத் தொடங்கின. சிலி நாட்டுப் பூநாரைகள், ஒரு நீர்க்காகம், ஆசியாவைச் சேர்ந்த ஒரு காட்டுக்கோழி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவற்றின் மூளையில் அழற்சியும், இருதயத் தசைகளில் கடுமையான சிதைவும் இருப்பதை அம்மையார் கண்டார்.

இங்கேதான் உண்மையான துப்பறிதல் தொடங்குகிறது. அவர் மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. எது செத்தது என்பதோடு எது சாகவில்லை என்பதையும் கேட்டார். அமெரிக்காவின் கீழ்க்கரையில் குதிரைகளையும் பறவைகளையும் கொல்லும் ஒருவகை மூளைக் காய்ச்சல் உண்டு. அது வந்திருந்தால் ஈமு என்னும் பெரும் பறவைகள் முதலில் மடியவேண்டும். காட்சிசாலையின் ஈமுக்களோ சுகமாக உலாவிக்கொண்டிருந்தன. கோழிகளைக் கொல்லும் வேறு கொள்ளைநோய்களாக இருந்தால், குழந்தைகள் பார்க்கும் பகுதியில் இருந்த கோழிகளும் வான்கோழிகளும் பிழைத்திருக்கமாட்டா. அவையும் சுகமாகவே இருந்தன. சரி, மனிதர்களைக் கொல்லும் செயின்ட் லூயி நோய்தானோ என்றால், அதுவும் பொருந்தவில்லை. அந்தக் கிருமி பறவைகளின் இரத்தத்தில் தங்கியிருக்குமேயன்றி, அமெரிக்கப் பறவைகளை அது கொல்வதில்லை. மரத்திலிருந்து காகங்கள் உதிர்வதற்கு அது காரணமாகமாட்டாது.

எனவே இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கமுடியும். ஒரே நகரத்தில், ஒரே பருவத்தில், ஒரே வட்டாரங்களில், மனிதர்களுக்கு ஒரு மூளைக் காய்ச்சலும் பறவைகளுக்கு வேறொரு மூளைக் காய்ச்சலும் தற்செயலாகச் சேர்ந்து வந்திருக்கவேண்டும். அல்லது நோய் ஒன்றே. பெரிய ஸ்தாபனம் கூறிய பெயர் தவறு. வக்கீல் தொழிலில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு வழக்கில் பத்து விஷயங்கள் பொருந்தி ஒன்றுமட்டும் பொருந்தாமல் நின்றால், அந்த ஒன்றைத் தள்ளிவிடலாகாது. உண்மை பெரும்பாலும் அதனிடத்தில்தான் ஒளிந்திருக்கும். அம்மையார் அந்தப் பொருந்தாத ஒன்றைக் கைவிட மறுத்தார்.

அவர் நோய்த் தடுப்பு நிலையத்தோடு டெலிபோனில் பேசினார். மனிதர் நோய் வேறு, பறவைகளின் சாவு வேறு என்ற மனோபாவத்தையே அங்கே தாம் கண்டதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். காட்சிசாலைப் பறவைகளின் உறுப்புகளை அயோவா மாகாணத்து ஏம்ஸ் நகரில் உள்ள மத்திய சர்க்காரின் மிருக வைத்திய ஆராய்ச்சி சாலைக்கு அனுப்பினார். அங்கே பறவைகளுக்கு வழக்கமாக வரும் நோய்கள் எவையும் இல்லையென்று தெளிந்தது; கிருமி ஒன்று பிரித்தெடுக்கவும்பட்டது. ஆனால் அது இன்னதென்று சொல்ல அவர்களிடம் சாதனமில்லை. அம்மையார் அங்கும் நிற்கவில்லை. இராணுவத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி சாலையின் கதவையும் தட்டினார். அங்கே உதவி கிடைத்தது.

செப்டம்பர் மாதம் மூன்றாவது வாரத்துக்குப் பின் எல்லாம் விரைவாக நடந்தது. ஏம்ஸிலிருந்து வந்த பறவைக் கிருமியை நோய்த் தடுப்பு நிலையத்தாரும் ஆராய்ந்தனர். காலிபோர்னியாவில் ஒரு சர்வகலாசாலையில் இறந்த மனிதரின் மூளைத் திசுவையும் ஆராய்ந்தனர். எல்லா வழிகளும் ஒரே இடத்தில் வந்து கூடின. மனிதனைக் கொன்றதும் காகத்தைக் கொன்றதும் ஒரே கிருமி. 1937-ஆம் வருஷத்தில் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் மேற்கு நைல் ஜில்லாவில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்ட 'வெஸ்ட் நைல்' கிருமி அது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் அறியப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களில் அதுவரை ஒருபோதும் காணப்படாதது. 1998-ல் இஸ்ரேலில் ஒரு வாத்தினிடம் எடுத்த கிருமியோடு அது மிகவும் ஒத்திருந்தது. கடலைக் கடந்து அது எவ்வாறு வந்தது என்பதை மட்டும் இன்றுவரை எவரும் ருசுப்படுத்தவில்லை.

அவ்வருஷத்தில் நியூயார்க்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 62 பேர் கடுமையாக நோயுற்றதாகவும், அவர்களில் ஏழு பேர் மாண்டதாகவும் கணக்கிட்டார்கள். லாங் ஐலண்டில் குதிரைகளும் செத்தன. பின்வந்த ஐந்து வருஷங்களுக்குள் அந்நோய் கீழ்க்கரையிலிருந்து பசிபிக் கரை வரை தேசம் முழுவதும் பரவிவிட்டது. அன்று முதல் அங்கே அந்நோயால் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

நியாயத்தைச் சொல்லும்போது எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லவேண்டும். நோய்த் தடுப்பு நிலையத்தார் சோம்பேறிகளோ மூடர்களோ அல்லர். செயின்ட் லூயி கிருமியும் வெஸ்ட் நைல் கிருமியும் நெருங்கிய உறவினர். இரத்தத்தில் ஒன்றுக்கு எதிராகத் தோன்றும் எதிர்ப்புப் பொருள் மற்றொன்றுக்கும் ஓரளவு பொருந்தும். அமெரிக்காவில் உள்ள கிருமிகளைமட்டும் வரிசையாக நிறுத்திச் சோதித்தபோது, அவ்வரிசையில் மிகவும் ஒத்த முகத்தை அவர்கள் சுட்டிக்காட்டினர். உண்மைக் குற்றவாளி அவ்வரிசையில் நிற்கவேயில்லை! மேலும், இரண்டு கிருமிகளையும் பரப்புவது ஒரே இனத்துக் கொசுக்களே. ஆதலால் பெயரில் பிழை நேர்ந்தாலும் மருந்து தெளித்தது வீணாகவில்லை. இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அடுத்தமுறை வரும் கிருமி கொசுவால் பரவாததாக இருந்தால் என் செய்வது? தவறான பெயரை நம்பித் தவறான கதவைப் பூட்டிக்கொண்டிருப்போமல்லவா? ஜூன் மாதத்திலேயே காகங்கள் எச்சரிக்கை கொடுத்தன. அவற்றின் குரல் வைத்தியர்களின் காதுக்கு எட்டச் செப்டம்பர் மாதம் முடியவேண்டியிருந்தது. இடையில் நின்றது அறிவின் குறையன்று. மிருக வைத்தியம் தாழ்ந்தது, மனித வைத்தியம் உயர்ந்தது என்ற அந்தஸ்துப் பேதமும், இலாகாவுக்கும் இலாகாவுக்கும் நடுவே எழுப்பிய சுவருமே இடையில் நின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் தணிக்கை நிலையமும் 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில், மனித சுகாதார இலாகாக்களும் மிருக சுகாதார இலாகாக்களும் நெருங்கிப் பழகவேண்டிய அவசியத்தை வற்புறுத்தியது. அதன்பின் மாகாணங்கள்தோறும் செத்த பறவைகளைக் கணக்கெடுத்து நோயின் வருகையை முன்னறியும் முறை ஏற்பட்டது. தெருவில் விழுந்த காகம் சர்க்கார் தஸ்தாவேஜில் இடம்பெற்றது.

இப்படிக் காது கொடுத்துக் கேட்டதற்கு நமது தேசத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்தில் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்தன. அண்டைக் கிராமத்தாருக்கும் கடுங் காய்ச்சல் கண்டது. புனா நகரத்து வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் குரங்குகளின் சாவையும் மனிதரின் காய்ச்சலையும் ஒரே வழக்காக எடுத்து விசாரித்தனர். அதுவரை உலகம் அறியாத ஒரு கிருமியையும், அதைச் சுமக்கும் உண்ணிகளையும் கண்டுபிடித்தனர். குரங்கின் பிணத்தை அற்பமென்று எண்ணியிருந்தால் அது நடந்திராது.

பொது ஊழியத்தில் ஈடுபட்ட நமது வாசகர்கள் இவ்வரலாற்றைச் சுகாதார விஷயமாக மட்டும் கொள்ளலாகாது. ஒரு நகரத்துக்கு வரும் ஆபத்தை முதலில் காண்பவர்கள் பெரிய பதவியில் இருப்பவர்களல்லர். தெருக் கூட்டுபவன், நாய் பிடிப்பவன், மாட்டுக்கு மருந்திடுபவன், தோட்டம் காப்பவன் ஆகியோரே காண்கிறார்கள். அவர்கள் வந்து சொல்லும்போது, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பது எளிது. "நீ என்ன கண்டாய்?" என்று கேட்பதே பொறுப்புள்ளவர் கடமை. முதற்கேள்வி வாயை அடைக்கிறது. இரண்டாவது கேள்வி சாட்சியத்தைப் பதிவுசெய்கிறது.

நியூயார்க்கில் ஒரு மிருக வைத்தியர் தம் கண்ணில் பட்டதை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டினார். அவ்வளவே அவர் செய்த வீரம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அத்தகைய பிடிவாதம் கொண்ட ஒருவர் இருப்பார் என்று நம்பி ஜனங்களின் உயிரை விட்டுவைக்க முடியாது. கதவுகள் திறந்திருக்கும்படி ஏற்பாடு செய்வதே ராஜாங்கத்தின் வேலை. அவை திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது குடிகளின் வேலை.