அத்தோ: வடசென்னையில் ஒரு பர்மிய உணவும் அதை உண்டாக்கிய மக்களும்

சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களில் மாலை வேளையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். துறைமுகத் தொழிலாளர், அலுவலர், மாணவர் ஆகியோர் அவற்றைச் சூழ்ந்து நின்று உண்பர். அங்கே பரிமாறப்படுவது 'அத்தோ' என்னும் பர்மிய உணவு. வியாசர்பாடியிலும் இராயபுரத்திலும் இதை விற்போர் உண்டு. நம் சபைகளில் பலர் இவ்வுணவைச் சுவைத்திருப்பர். ஆனால் அது எவ்வாறு இங்கு வந்தது என்று வினவியோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரும் பொருளும்

பர்மிய மொழியில் 'அத்தோ' என்பது கையால் பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும். வேகவைத்த கோதுமை நூடுல்ஸுடன் நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு வதக்கிய எண்ணெய், பொரித்த வெங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து, 'பேஜோ' என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப்போட்டுக் கலப்பர். பர்மிய மொழியில் 'பே' என்பது பயறு. 'ஜோ' என்பது பொரித்தது. உடன் சூடான வாழைத்தண்டுச் சாறு தருவர். 'மொஹிங்கா' என்பது அரிசி நூடுல்ஸின்மேல் சாறு ஊற்றித் தரப்படும் வேறோர் உணவாகும்.

2. வந்த வழி

ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மா 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. நெல் வயல்களிலும் துறைமுகத்திலும் உழைப்பதற்கும், வட்டித்தொழில், வணிகம் செய்வதற்கும் தமிழர் பெருந்தொகையாக அங்குச் சென்றனர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசியபின் இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். காடுமலை கடந்து நடந்தோரில் பலர் வழியிலேயே மாண்டனர். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின; அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதனவாக்கப்பட்டன. பல தலைமுறையாக வாழ்ந்தோர் மிகச் சிறிய உடைமையுடன் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். எண்ணூர் அருகே 'பர்மா நகர்' என்னும் பெயரும், 1969இல் தோன்றிய பர்மா பஜாரும் அவர்கள் வாழ்வைத் தொடங்கிய இடங்களுக்குச் சான்று பகர்கின்றன.

அங்கே அவர்கள் 'கலா' என்று, அந்நியராக, அழைக்கப்பட்டனர். தாயகம் திரும்பியபோதோ 'பர்மாக்காரர்' ஆயினர். இரு கரைகளிலும் அயலாராய் நின்ற மக்களுக்கு, அங்குக் கற்ற சமையலே இங்குக் கைம்முதலாயிற்று. நிலத்தையும் கடையையும் அரசு எடுத்துக்கொண்டது. கைப்பக்குவத்தை எடுக்க எவராலும் இயலவில்லை.

3. மாறியதும் மாறாததும்

பர்மாவில் மொஹிங்காவின் உயிர்நாடி மீன் சாறாகும். இங்கோ பல கடைகளில் மீன் நீங்கி, வாழைத்தண்டு மட்டுமே எஞ்சியுள்ளது. அத்தோவிலும் மீன் நெடி மறைந்து, மிளகாயின் காரம் மிகுந்துவிட்டது. வாங்குவோர் நாவுக்கேற்ப விற்போர் மாற்றிக்கொண்டனர். புலம்பெயர்ந்தோர் உணவு எங்கும் இவ்வாறே மாறுகிறது. ஆகவே இது பர்மாவின் உணவு மட்டுமன்று, வடசென்னையின் உணவுமாகும்.

4. ஒரே தட்டின் முன்

இவ்வுணவின் சிறப்பு அது கலக்கப்படும் முறையிலுள்ளது. இன்று சிலர் கையுறை அணியினும், பெரும்பாலும் வெறுங்கையாலேயே கலக்கின்றனர். நம் கண்முன்னே கலந்து நம் தட்டில் இடுகின்றனர். யார் கையால் உண்பது என்பதைச் சாதியைக் கொண்டு அளந்த சமுதாயம் நம்முடையது. அங்கே அக்கையின் குலத்தை எவரும் கேட்பதில்லை. அருகில் நின்று உண்பவரையும் கேட்பதில்லை. இதை மிகைப்படுத்தவும் கூடாது. வண்டியருகே தோளோடு தோள் நின்றவர், திருமணப் பந்தியிலும் குடியிருப்பிலும் மீண்டும் பிரிந்து நிற்பதை நாம் அறிவோம். அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதிலிருந்து விலகியபோது பவுல் அவரை நேர்முகமாகக் கண்டித்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஒன்றாய் உண்ணுதல் சிறு காரியமன்று என்பதை ஆதித் திருச்சபை அறிந்திருந்தது.

1813இல் அதோனிராம் ஜட்சன் இதே சென்னைக் கரையிலிருந்து கப்பலேறி இரங்கூன் சென்றார். அப்பயணத்தை நம் சபை வரலாற்று வகுப்புகளில் கற்பிக்கிறோம். ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் எதிர்த்திசையில் நடந்த பயணத்தைப் பற்றி எத்தனை மாணவர் அறிவர்? அவ்வரலாற்றை எழுதி வைத்த நூல்கள் குறைவு. அதை நினைவில் சுமப்போர் முதுமையடைந்து வருகின்றனர். வடசென்னையில் பணிபுரியும் ஆயரும் மாணவரும் ஒரு மாலை அவ்வண்டியருகே நின்று உண்டு, கடைக்காரரின் பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்று கேட்பாராக. பசியாற்றும் கை தன் கதையையும் சொல்லக்கூடும்.