பிக்கப்புக்கு பெரிய அலாய் வீல் மாட்டப் போறீங்களா? டயரில் இருக்கும் இந்த நம்பரை முதல்ல பாருங்க!

சம்பா அறுவடை முடிஞ்சு கையில் கொஞ்சம் காசு புழங்கும்போதுதான், டெல்டா மாவட்டங்களில் பலருக்கும் வண்டிக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை வரும். சீட் கவர், ஸ்டிக்கர், கூடுதல் லைட் எல்லாம் போட்ட பிறகு கடைசியில் வந்து நிற்கிற இடம் வீல். கம்பெனி கொடுத்த இரும்பு டிஸ்க்கை கழட்டிட்டு 18 இன்ச், 20 இன்ச் அலாய் மாட்டினால் வண்டியின் தோற்றமே மாறிவிடும். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே வண்டிதான் நாளைக்கு வயலில் இருந்து நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகப் போகிறது. ஆற்றங்கரை மண் ரோட்டில் ஏறணும், மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கணும். பெரிய ரிம்முக்கு எந்த டயர் பொருந்தும் என்பதை டிசைனை வைத்து முடிவு பண்ணினால் சிக்கல் வருவது இங்கேதான்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் 265/65 ஆர்17 112எஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. அதாவது 265-ல் 65 சதவீதம், சுமார் 172 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். கடைசியில் இருக்கும் 112 தான் டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. அதை ஒட்டி இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை.

கடையில் பெரும்பாலும் பேசப்படுவது அகலமும் ரிம் சைஸும்தான். பெரிய வீல் மாட்டும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயங்கள் வேறு இரண்டு. ஒன்று, ரிம்மும் டயரும் சேர்ந்த மொத்த உயரம். இன்னொன்று, எடைக் குறியீடு.

ரிம் பெரிசானா சுவர் சின்னதாகணும்

இதற்கு நல்ல உதாரணம் டொயோட்டா ஹைலக்ஸ். 2022-ல் இந்தியாவுக்கு வந்த இந்த பிக்கப்பின் ஆரம்ப வேரியண்டில் 265/65 ஆர்17 டயர், உயர் வேரியண்டில் 265/60 ஆர்18 டயர். ரிம் ஒரு இன்ச் கூடியிருக்கிறது. ஆனால் மொத்த உயரத்தை கணக்குப் போட்டால் முதலாவது 776 மி.மீ., இரண்டாவது 775 மி.மீ. ரிம் கூடிய அளவுக்கு பக்கச்சுவரை குறைத்து, மொத்த உயரத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். இசுசு டி-மேக்ஸ் வரிசையிலும் இதே வழிதான். 245/70 ஆர்16 டயரின் உயரம் 749 மி.மீ. வி-கிராஸில் வரும் 255/60 ஆர்18 டயரின் உயரம் 763 மி.மீ. வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை.

கணக்கு எளிதுதான். அகலத்தை சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்குங்கள். மேல் சுவர், கீழ் சுவர் என இரண்டு இருக்கிறதே, அதற்காகத்தான் இரண்டு. ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி அதோடு கூட்டினால் மொத்த உயரம் கிடைத்துவிடும். கடைக்குப் போகும் முன்பு போனில் இருக்கும் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். பழைய உயரத்தில் இருந்து 2, 3 சதவீதத்துக்கு மேல் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தாண்டினால் என்ன ஆகும்? அதே ஹைலக்ஸில் 275/55 ஆர்20 மாட்டினால் உயரம் 810 மி.மீ. ஆகிவிடும். 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல். ஸ்பீடோமீட்டரில் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-ஐ தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். திருப்பும்போது மட்கார்டில் உரசலாம். வண்டியின் இழுவையும் குறையும். வெறும் வண்டியில் இது தெரியாது. லோடோடு வயலில் இருந்து கரை மேட்டில் ஏற்றும்போது கிளட்ச் வாடை வந்தால்தான் தெரியும். இவ்வளவுக்கும், தரையில் இருந்து வண்டி உயர்வது வெறும் 17 மி.மீ.தான். உயரம் கூடுவதில் பாதிதான் வண்டிக்கு அடியில் கிடைக்கும்.

265/50 ஆர்20 போட்டால் உயரம் 773 மி.மீ. கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் பக்கச்சுவர் 172-ல் இருந்து 132 மி.மீ. ஆக இறங்கிவிடுகிறது. ரெண்டு விரல் அகலம் காணாமல் போகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். இரும்பு டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் பல சமயம் விரிசல் விட்டுவிடும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது பெரிய பிரச்னை இல்லை. வெண்ணாறு, வெட்டாறு கரை ரோட்டில் தினமும் போய் வரும் வண்டிக்கு 20 இன்ச் வேண்டாம் என்பதுதான் நம் கருத்து. 18-ஓடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூட்டை கணக்கு போட்டுப் பாருங்க

இனி எடைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000, 110 என்றால் 1,060, 112 என்றால் 1,120 கிலோ. டயரில் சொல்லப்பட்ட அளவு காற்று இருந்தால்தான் இந்தக் கணக்கு.

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. 1,700 கிலோ ஏற்ற அனுமதி உள்ள ஒரு பிக்கப்பில் 42 சிப்பம் ஏற்றினால் 1,680 கிலோ. இந்தப் பாரத்தில் பெரும்பகுதி பின் அச்சில்தான் உட்காரும். வெறும் வண்டியின் எடையில் ஒரு பங்கும் ஏற்கனவே அங்கே இருக்கிறது. இப்போது அந்த வண்டிக்கு, அலாயோடு பார்க்க அழகாக இருக்கிறதே என்று கார்களுக்கான 215/75 ஆர்15 டயர் போட்டால், அதன் குறியீடு வழக்கமாக 100. பின்னால் இருக்கும் ரெண்டு டயரும் சேர்ந்து 1,600 கிலோதான். சட்டப்படியான லோடுக்கே பத்தாது. சீசன் நேரத்தில் 42 சிப்பத்தோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

அதனால்தான் ஒரே அளவிலேயே காருக்கு ஒரு டயரும் லோடு வண்டிக்கு ஒரு டயரும் தனித்தனியாக வருகிறது. லோடு டயரில் எல்.டி அல்லது சி என்ற எழுத்தோ, 8பிஆர் போல பிளை ரேட்டிங்கோ இருக்கும். பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், காற்றும் அதிகம் பிடிக்கும். மஞ்சள் போர்டு லோடு வண்டி வைத்திருப்பவர்கள் இதை விட்டு இறங்கவே கூடாது.

தாங்கும் அளவை மீறி பாரம் ஏறினால் டயர் உடனே வெடிப்பதில்லை. பக்கச்சுவர் அளவுக்கு மேல் மடங்கி மடங்கி சூடாகும். உள்ளே இருக்கும் அடுக்குகள் மெல்லப் பிரியும். பிறகு ஒருநாள் வேகமாகப் போகும்போது வெடிக்கும். பின் டயர் வெடித்த வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. நடவு, அறுப்பு நாட்களில் லோடு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றிப் போவது சட்டப்படி தப்பு. ஆனாலும் நடக்கிறது. அந்த நேரத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எடை விஷயம் டயரோடு முடிவதும் இல்லை. அலாய் வீலின் பின்பக்கத்தில் அது தாங்கும் அதிகபட்ச எடை அச்சாகியிருக்கும். அதை பாருங்கள். டயர் 1,060 கிலோ தாங்கும், ரிம் 700 கிலோதான் தாங்கும் என்றால் உங்கள் கணக்கு 700-தான். எதுவுமே அச்சாகவில்லை என்றால் அந்த ரிம்மை லோடு ஏற்றும் வண்டிக்கு வாங்காதீர்கள். டயருக்கு ஏற்ற ரிம் அகலமும் முக்கியம். உதாரணமாக, 265/60 ஆர்18 டயருக்கு 7.5 முதல் 9.5 இன்ச் அகலமுள்ள ரிம்தான் பொருந்தும்.

சேத்துக்கு அகலமான டயர் நல்லதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் டெல்டா மண் களிமண். பட்டனுக்கு நடுவில் இடைவெளி குறைவான அகல டயரில், நாலு சுற்றிலேயே மண் அப்பிக்கொண்டு டயர் மொட்டை ஆகிவிடும். அப்புறம் அகலம் எவ்வளவு இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். சேற்று உழவுக்கு டிராக்டரில் ஏன் கேஜ் வீல் மாட்டுகிறோம்? மண் ஒட்டாமல் வெளியே வந்துவிடும், பிடிமானம் கிடைக்கும் என்பதால்தான். அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் போனால் ரோடு பாழாகிறது என்று அதிகாரிகள் எச்சரிப்பதும் வழக்கமாகிவிட்டது.

பிக்கப்பிலும் இதே குழப்பம்தான். பெரிய பட்டன் வைத்த எம்.டி டயர் சேற்றில் நன்றாக இழுக்கும். ஆனால் மழைக்கால தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது கைவிட்டுவிடலாம், சத்தமும் அதிகம். டெல்டா வண்டி பெரும்பாலான நேரம் தார் ரோட்டில்தான் ஓடுகிறது, சேறு கடைசி ஒரு கிலோமீட்டர்தான். அதற்கு ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏ.டி டயர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையில் தண்ணீர் நிற்கும்போது, அகலம் கூடக் கூட டயர் தண்ணீர் மேல் மிதந்து பிடி விடும் வாய்ப்பும் கூடும். வண்டி கம்பெனி கொடுத்த அகலத்தைவிட 10 மி.மீ. கூட்டலாம். அதற்கு மேல் அவசியமில்லை.

ஆர்.டி.ஓ பிடிப்பாரா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 52 படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஜனவரி 2019-ல் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சரக்கு வாகனங்களுக்கு இது இன்னும் கறார். பதிவு விண்ணப்பத்திலேயே டயர் அளவு அச்சு வாரியாக குறிப்பிடப்படுகிறது. எஃப்.சி-க்கு போகும்போது வேறு டயர் இருந்தால் கேள்வி வரும். வெள்ளை போர்டு வண்டிக்கு, அதே மாடலின் வேறு வேரியண்டில் கம்பெனியே கொடுக்கும் அளவை போடுவதுதான் பாதுகாப்பான வழி. ஹைலக்ஸ் 17-ல் இருந்து 18-க்கு போவது இந்த வகை. மட்கார்டை தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயர், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் தகராறை கொண்டு வரலாம்.

அப்படி துருத்திக்கொண்டு நிற்பதற்காக சிலர் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் ஸ்பேசர் வைக்கிறார்கள். லோடு ஏற்றும் வண்டியில் இது ஆபத்து. வீல் பேரிங்கிலும் போல்ட்டிலும் பாரம் தப்பான இடத்தில் விழும்.

வாங்கும்போது இன்னும் சில விஷயம்

டயரில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கணும். நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. கடையில் ரெண்டு மூணு வருஷமாக கிடந்த டயரை தள்ளுபடி விலையில் கொடுத்தால் யோசியுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். புது டயரின் மொத்த உயரமும் பழைய ஸ்டெப்னியின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பஞ்சர் கடை வரை போய்ச் சேரலாம். உயரம் மாறினால் ஸ்டெப்னியையும் மாற்றித்தான் ஆகணும். முக்கியமாக ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் உயரம் மாறிய டயரோடு ஓட்டினால் கியர் பாகங்கள் கெட்டுப்போகும். அலாய்க்கு வரும் வீல் நட்டு இரும்பு டிஸ்க்குக்கு பொருந்தாமல் போகலாம். அதனால் பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். 20 இன்ச் டயர் நடுராத்திரியில் கிழிந்தால் திருத்துறைப்பூண்டியிலோ ஒரத்தநாட்டிலோ அதே அளவு கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

புது வீல் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை திரும்ப முறுக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். காற்று அளவுக்கு டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பழைய டயருக்கானது. புது டயருக்கு வெறும் வண்டியில் எவ்வளவு, லோடில் எவ்வளவு என்று டயர் கடையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டை ஏற்றும் முன்பு, டயர் சூடாகாமல் இருக்கும்போதே காற்றை செக் பண்ணணும்.